பின்கட்டுல இருக்கு

அப்பா இறந்த ஒன்பதாம் நாள், பதினாறாம் நாள் பத்திரிகை அடிப்பதற்காக நானும் அண்ணனும் திருநெல்வேலி டவுனில் ஒரு கடைக்குப் போனோம். 2011-ம் வருஷம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன், "ஏற்கெனவே ஒரு மேட்டர் கிடக்கு அண்ணாச்சி. பேரு, தேதி மட்டும் மாத்திரலாமா?" என்று கேட்டான். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த நாற்காலியில் அப்பா இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

அப்பா கம்பாசிட்டர்; ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சுக்குத் தயார் செய்பவர். 1962-ல், பதினைந்து வயதில், ரத வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில், அச்சடித்து முடித்த எழுத்துகளைப் பிரித்துப் போடும் பையனாகச் சேர்ந்தார். 1999-ல் அந்த அச்சகம் மூடும்வரை 37 வருஷம் அங்கேதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடை பில் புக், கருமாதிப் பத்திரிகை. "சிவலோக பதவி அடைந்தார்" என்ற வரியைப் பிரித்துப் போடாமல் நூலால் சுற்றிக் கட்டித் தனியாக எடுத்து வைத்திருப்பார். அடுத்த சாவுக்குப் பேரை மட்டும் கோத்துச் செருகினால் போதும். ஊரில் எத்தனையோ பேர் அந்த ஒரே வரியில் சிவலோகம் போயிருக்கிறார்கள்.

அவருக்கு மட்டும் வேறு வரி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடை வாசலில் நின்று யோசித்தோம். அப்போதுதான் தெரிந்தது, எழுத எங்களிடம் ஒன்றுமே இல்லை. அவருடைய முதல் சம்பளம் எவ்வளவு? அவருக்கு எழுத்துக் கோக்கச் சொல்லிக் கொடுத்தவர் யார்? பள்ளிக்கூடத்தை ஏன் நிறுத்தினார்? அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் பேருக்கு மேலே "37 ஆண்டுகள் எழுத்துக் கோத்தவர்" என்று ஒரே ஒரு வரி சேர்த்தோம். மிச்சமெல்லாம் அந்தப் பையன் வைத்திருந்த மேட்டர்தான்.

அன்றைக்கு ஏற்பட்ட குறுகுறுப்பில்தான் பெற்றோரின் நினைவைச் சேர்த்து வைக்கும் வேலையைத் தொடங்கினேன். அப்பாவைப் பொறுத்தவரை தாமதமாகிவிட்டது. அம்மாவிடம் ஓரளவுக்குச் செய்ய முடிந்தது. எதைச் சரியாகச் செய்தேன், எதைக் கோட்டை விட்டேன் என்பதைச் சொன்னால், அம்மா அப்பா இன்னும் இருப்பவர்களுக்காவது உதவும்.

முதலில் அப்பா. அவர் விட்டுப் போனவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய 'லை'. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகைகளில் புழங்கிய எழுத்துகள் பலவற்றைப் பள்ளிப் பாடத்துக்கும் அரசு ஆவணத்துக்கும் எடுத்துக்கொண்ட ஆணை அது. அதுவரைக்கும் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் முன்னால் தும்பிக்கை தூக்கிய மாதிரி ஒரு வளைவோடு இருந்தன. ணா, றா, னா மூன்றும் காலை உள்ளே மடக்கிக்கொண்டு இருந்தன. நான் பிறந்தது அந்த வருஷம்தான். அதனால் நான் படித்தது முழுக்கப் புதிய எழுத்து. அப்பா அச்சகத்தில் புதிய எழுத்தில் கோப்பார், வீட்டில் பழைய எழுத்தில் எழுதுவார். மளிகைச் சீட்டில் "கடலைப் பருப்பு" என்று எழுதினால் அந்த லை தும்பிக்கையோடு நிற்கும். சின்ன வயதில் அதை அவர் தப்பாக எழுதுகிறார் என்று நினைத்து, பென்சிலால் திருத்திக் கொடுத்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மளிகைக் கடைக்குப் போன பிறகு அந்தச் சீட்டு குப்பைக்குத்தான் போயிருக்கும். இப்போது என்னிடம் அவர் கையெழுத்தில் ஏழு துண்டுக் காகிதங்கள் இருக்கின்றன. நாலில்தான் லை வருகிறது.

அவர் பத்தாயிரம் சீட்டாவது எழுதியிருப்பார். நாங்கள் பத்திரப்படுத்தியது பட்டா, ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரம். அவற்றில் எதிலுமே அவர் கை இல்லை, கையொப்பம் மட்டும். இறந்த வீட்டில் முதல் பதினாறு நாளுக்குள் 'சுத்தம் செய்கிறோம்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டிலும் அன்போடுதான் செய்தார்கள். கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய சீட்டுகளெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டன. அதனால் என்னைக் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: துணிமணியைக் கொடுங்கள், மருந்தைத் தூக்கிப் போடுங்கள், ஆனால் கையால் எழுதிய எதையும் ஒரு வருஷத்துக்குத் தொடாதீர்கள். ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். எது முக்கியம் என்று தீர்மானிக்கிற நிலையில் அந்த வாரம் யாரும் இருப்பதில்லை.

அவரைப் பற்றி இன்னொன்று. ஸ்டிக் என்கிற கோக்கும் சட்டத்தில் எழுத்தைத் தலைகீழாக வைத்து இடமிருந்து வலமாகக் கோத்துப் பழகியதால் எதையும் தலைகீழாக அவரால் வாசிக்க முடியும். ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண் அட்டையை நான் என் பக்கம் திருப்பி மேசையில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று தவித்தபோது, எதிரில் இருந்தபடியே, "கணக்குல முப்பத்தெட்டா?" என்றார். மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அவள் நோட்டை எதிரில் இருந்தே வாசிக்க நானும் பழகியிருக்கிறேன் என்பதை என் கணவர்தான் ஒருநாள் கவனித்துச் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுத்துக் கற்றதில்லை அது.

மண்ணெண்ணெய் வாடையும் அப்படித்தான். அச்சடித்து முடித்த எழுத்தை மண்ணெண்ணெயில் கழுவுவார்கள், கையையும் அதிலேயே கழுவிவிட்டுப் பிறகு சோப்புப் போடுவார்கள். அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் வாடை வந்துவிடும். வாசனை மட்டும் மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில், நினைவும் உணர்ச்சியும் இருக்கும் மூளைப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது என்கிறார்கள். இருக்கும். நான் வசிக்கும் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறை வாசலைக் கடந்தபோது, எதற்கென்றே தெரியாமல் கண் நிறைந்து, ஸ்கூட்டரை ஓரம் கட்டியிருக்கிறேன். இப்போது மண்ணெண்ணெய் புழங்கும் வீடே அபூர்வம். அந்த வாடையைப் பத்திரப்படுத்த ஒரு வழியும் இல்லை.

முகம் போட்டோவில் இருக்கும். நம்மை விட்டு முதலில் போவது குரல். அப்பா போய் மூன்று வருஷத்தில், அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் நினைவிருந்தும் எந்தக் குரலில் சொன்னார் என்பது எனக்கு வரவில்லை. கண்ணை மூடினால் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. ஒரு ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு, "அப்பா எப்படிப் பேசுவாங்கன்னு உனக்கு வருதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரல பிள்ள" என்றான்.

அண்ணன் கல்யாண வீடியோ வி.எச்.எஸ். கேசட்டில் இருந்தது. 2000-ல் எடுத்தது. எடுத்துப் பார்த்தால் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை. அவசரப்பட்டு யாருடைய பிளேயரிலாவது போட்டிருந்தால் நாடாவும் போயிருக்கும், பூஞ்சை ஒட்டிப் பிளேயரும் கெட்டிருக்கும். முதலில் கொடுத்த கடைக்காரர் இரண்டு மாதம் வைத்திருந்து அப்படியே திருப்பித் தந்தார். இரண்டாவது ஆள் நாடாவைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றிக் கொடுத்தார். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பான் நிறுவனமும் 2016-ல் நிறுத்திவிட்டது. கேசட் வைத்திருப்பவர்கள் இன்னும் தள்ளிப்போட வேண்டாம். ஓடுகிற மெஷின் ஊரில் ஒன்று இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஆடியோ கேசட் என்றால் நாமே செய்துகொள்ளலாம்: டேப் ரிக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்குக் கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதிந்துகொண்டால் போதும்.

மூன்று மணி நேர வீடியோ. முக்கால்வாசி சினிமாப் பாட்டைச் சேர்த்து அசல் சத்தத்தை அழித்திருந்தார்கள். மாலை மாற்றும்போது அப்பா நிற்கிறார், பேசவில்லை. தாலி கட்டும்போது அழுகிறார், பாட்டு ஓடுகிறது. பந்திக் காட்சியில் மட்டும், என்ன காரணத்தாலோ, ஒன்பது விநாடி பாட்டு இல்லை. அதில் அப்பா திரையின் ஓரத்தில் தோளில் துண்டோடு திரும்பி யாரிடமோ சொல்கிறார்: "இலை பத்தலேன்னா பின்கட்டுல இருக்கு. நனைச்சு வச்சிருக்கு, பாத்து எடு."

அவ்வளவுதான் என் அப்பாவின் குரல். அண்ணன் அதை ஐம்பது தடவை கேட்டிருப்பான். இதைவிட அவரைச் சரியாகக் காட்டும் ஒரு வாக்கியத்தை நாங்கள் தேடிப் பிடித்திருக்க முடியாது. எந்த வேலைக்கும் வேண்டியதை முன்கூட்டியே எடுத்து நனைத்து வைத்திருக்கும் மனுஷன் அவர்.

அதற்கு அப்புறம் அம்மாவிடம் அந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். 2018 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் செய்தேன். முதல்நாள் எதிரில் உட்கார்ந்து போனை நீட்டி, "உங்க வாழ்க்கையைச் சொல்லும்மா" என்றேன். "என்னத்தட்டி சொல்ல, உனக்குத் தெரியாததா?" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே போனைச் சுளகுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். வாழ்க்கையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீ பொறந்த வீட்டுக்கு எத்தன கதவு?" என்று கேட்டேன். கதவில் ஆரம்பித்தவள் 37 நிமிஷம் நிறுத்தவில்லை.

உணர்ச்சியைக் கேட்டால் பெரியவர்களுக்குக் கூச்சம் வரும். இடத்தைக் கேளுங்கள், விலையைக் கேளுங்கள், வழியைக் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்தத் தெரு வழியாகப் போனீர்கள், முதல் சேலை யார் எடுத்துக் கொடுத்தது. உணர்ச்சி அதன் பின்னாலேயே தானாக வந்துவிடும். பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்ததுதான் வயதானவர்களுக்கு மிகத் தெளிவாக நினைவிருக்கும். அங்கே தொடங்கினால் தடையே இருக்காது. கையில் வேலை இருந்தால் இன்னும் நல்லது. பதிகிறோம் என்று சொல்லிவிடுவதும் முறை. நான் கடைசியில்தான் சொன்னேன். "அட, சொல்லியிருந்தா உங்கப்பாவ இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லியிருப்பேனே" என்றாள்.

அப்பாவைப் பற்றி அவள் சொன்னதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, 1972-ல் நடந்த தங்கள் கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளையே கோத்திருக்கிறார். ராத்திரி முதலாளி போன பிறகு, விளக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு. அதில் அம்மா பேரில் ஓர் எழுத்து தப்பு. ஊரில் எல்லார் பத்திரிகையையும் பிழையில்லாமல் கோத்தவர் தன் பத்திரிகையில் பெண் பேரைத் தப்பாகப் போட்டார் என்று தாத்தா வீட்டில் பெரிய ரகளையாம். "கை நடுங்கிட்டுன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாக" என்றாள் அம்மா. அந்த இடத்தில் பதிவில் கீரை உருவும் சத்தம் நின்றுவிடுகிறது.

இரண்டாவது, கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு டீச்சர் டிரெயினிங்குக்குக் கார்டு வந்தது. அவள் அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். ஆச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஒங்கப்பா வாயத் தொறக்கல" என்கிறாள் அம்மா. கோபமே இல்லாமல் சொல்கிறாள். அதனால்தான் கேட்க முடியவில்லை. அதை வெட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று அண்ணன் கேட்டான். நான் வேண்டாம் என்றேன். அவருடைய மௌனமும் அவர்தானே.

அம்மா 2019 டிசம்பரில் போனாள். பதினோரு நாள் மருத்துவமனை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், அம்மா என்று நினைத்தாலே எனக்கு வந்தது அந்தப் பதினோரு நாள்தான். மூக்கில் குழாய், கட்டிலோடு துணியால் கட்டிய கை, வறண்ட உதடு. அறுபத்தேழு வருஷம் வாழ்ந்தவளைப் பதினோரு நாள் தின்றுவிட்டது. பெற்றோரைப் படுக்கையில் வைத்துப் பார்த்து அனுப்பிய பலரும் இதே மாதிரி சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசிக் காட்சி பூதாகரமாக முன்னால் வந்து நின்றுகொண்டு மற்றதையெல்லாம் மறைக்கிறது. அதை விரட்டப் பார்த்தால் போகாது. வேறு காட்சிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டியிருந்தது. எனக்கு அதற்கு உதவியது காலண்டர்.

அச்சகத்தில் வருஷா வருஷம் மாதக் காலண்டர் கொடுப்பார்கள்; அது மூடிய பிறகு வேறு எங்கிருந்தாவது ஒன்று வரும். அம்மா அதில்தான் கணக்கு எழுதுவாள். டயரி என்றால் பெரிய மனிதர்களுக்கு என்பது அவள் எண்ணம். பால் எத்தனை, சிலிண்டர் போட்ட தேதி, வண்ணான் துணி, சீட்டுப் பணம். தேதிக் கட்டத்துக்குள் எறும்பு மாதிரி எழுத்து. 1987 முதல் 2019 வரை சுருட்டிச் சணல் கட்டிப் பரணில் போட்டிருந்தாள். நாலு வருஷத்தைக் கரையான் தின்றுவிட்டது. மீதியைத் தரையில் விரித்து மாதம் மாதமாக வாசித்தேன்.

1992 நவம்பரில், தாமிரபரணி பெருவெள்ளம் வந்த வாரத்தில், "மழை. மழை. பால் இல்லை. குறுக்குத்துறை முங்கிட்டு." என் பூப்புனித நீராட்டு நாள் கட்டத்தில் "பிள்ளை" என்று ஒரே வார்த்தை. 1999-ல் ஒரு வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் "பிரஸ் மூடிட்டு." அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து பால் ஒரு லிட்டர் அரை லிட்டராகியிருக்கிறது. அப்போது நான் கல்லூரி முடித்து வீட்டில் இருந்தேன். பால் குறைந்ததே எனக்குத் தெரியாது. என் தம்ளர் குறையவில்லை.

இந்தக் காலண்டர்களில் ஒன்று எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருந்த ஒரு பழைய வழக்கைத் தீர்த்தது. 1989-ல் அண்ணன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிவிட்டான். அந்தக் கோடை முழுக்க அப்பா அவனை அச்சகத்துக்குக் கூட்டிப்போய் எழுத்துப் பிரிக்க வைத்தார். எனக்கு அது சந்தோஷமான காலம். மத்தியானம் இரண்டு டப்பாவில் சாப்பாடு கொண்டுபோவேன், அப்பா எனக்கு மட்டும் சர்பத் வாங்கித் தருவார். அண்ணனுக்கு அது அவமானம். "அப்பா என்ன அடிச்சாரு" என்று அவன் சொல்லும்போதெல்லாம், அப்பா யாரையும் கைநீட்ட மாட்டார் என்று முப்பது வருஷமாக அவனோடு சண்டை போட்டிருக்கிறேன். 1989 மே மாதத் தாளில் அம்மா எழுதியிருக்கிறாள்: "பெரியவன் பிரஸுக்கு. டப்பா 2." பத்து நாள் கழித்து: "பெரியவனுக்கு அடி. கை வீக்கம். பத்துப் போட்டது."

அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். "விடு, நீ பாக்கல, அதான்" என்றான். ஒரே வீட்டில் வளர்ந்தாலும் என் அப்பா வேறு, அவன் அப்பா வேறு. மூத்த பிள்ளை பார்த்தது இளமையும் வறுமையும் கோபமும் உள்ள தகப்பனை. எனக்குக் கிடைத்தது கொஞ்சம் ஆறிய தகப்பன். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் நினைவு கொஞ்சம் திருத்தி எழுதப்படுகிறது என்பதால், தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருந்தால் நமக்கு வேண்டிய அப்பாதான் மிஞ்சுவார். கூடப் பிறந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்களைப் பேசவிட்டு, குறுக்கே 'இல்ல, அப்படி இல்ல' என்று சொல்லாமல் கேட்டால் முழு மனுஷன் கிடைக்கிறான். இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன்.

அம்மா குரலில் நான் பண்ணிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவள் போன் அண்ணன் வீட்டில் இருந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து அண்ணன் மகனுக்கு ஆன்லைன் வகுப்புக்குப் போன் வேண்டியிருந்தபோது, அதில் இருந்ததையெல்லாம் அழித்து அவனிடம் கொடுத்துவிட்டார்கள். சித்திக்கும் பக்கத்து வீட்டு மதினிக்கும் அவள் அனுப்பிய குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் அதில் இருந்திருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. எண்ணுக்கு ரீசார்ஜும் செய்யவில்லை. ஒருநாள் வாட்ஸ்அப்பில் அம்மா பேருக்குப் பக்கத்தில் கோயில் கோபுரப் படம் மாறி, முகம் தெரியாத ஒரு குழந்தையின் படம் வந்திருந்தது. எண் வேறு யாருக்கோ போய்விட்டது. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றது.

அதனால் இதை மட்டும் அப்படியே செய்யுங்கள். இறந்தவரின் போனை ஆறு மாதத்துக்கு யாரும் தொடக்கூடாது. எண்ணுக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜ் போட்டு உயிரோடு வையுங்கள். வங்கி வேலைக்கும் அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். குரல் செய்திகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மின்னஞ்சலுக்கோ டிரைவுக்கோ அனுப்பி வையுங்கள். சும்மா 'ஆடியோ' என்று விடாமல், தேதியும் என்ன பேசுகிறார் என்பதும் வரும்படி பேர் வையுங்கள். மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று வேறு ஊரில் இருக்கும் ஆளிடம். என் போனில் தப்பியது ஏழு செய்திகள். அதில் ஐந்து, "தண்ணி வந்துட்டு, வைக்கேன்" என்று முடிகின்றன.

போட்டோக்களுக்கு ஒரு வார்த்தை. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் வைத்த ஆல்பங்களில் படம் நாளாக நாளாக ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். எடுப்பதற்கு முன்னால் அப்படியே போனில் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் யார் யார் என்று இடமிருந்து வலமாக மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தழும்பு போடும், மையும் ஊறும். அம்மா இருக்கும்போது நான் எழுதி வாங்கியது பதினெட்டுப் படங்கள். வாங்காமல் விட்ட ஒரு படத்தில், எங்கள் வீட்டு முற்றத்தில், அப்பா தோளில் கைபோட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவ்வளவு உரிமையோடு அப்பா மேல் கைபோட்ட அந்த மனிதர் யாரென்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை.

சமையல் விஷயத்தில் அம்மா எழுதிக் கொடுத்தாள். சொதிக்கு ஒரு தம்ளர் பாசிப்பருப்பு, தேங்காய் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எல்லாமே இருக்கிறது. மூன்று தடவை செய்தும் அவள் சொதி வரவில்லை. தம்ளர் என்று அவள் எழுதியது வீட்டில் இருந்த ஒரு சின்னப் பித்தளைத் தம்ளர். அது பாத்திரக்காரனிடம் பழைய விலைக்குப் போய்விட்டிருந்தது. செய்முறையை எழுதி வாங்குகிறவர்கள் அளந்த பாத்திரத்தையும் வாங்கி வையுங்கள்.

2022 ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போனோம். ஆற்றங்கரையில் அண்ணன் எள்ளும் தண்ணீரும் விடும்போது மூன்று தலைமுறைப் பேர் கேட்டார்கள். அப்பா, தாத்தா, பூட்டன் வரிசையாகச் சொன்னான். அம்மா, ஆச்சி சொன்னான். பூட்டி பேர் கேட்டபோது நின்றுவிட்டான். என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியாது. ஆண்கள் பேர் இனிஷியலிலும் பத்திரத்திலும் எப்படியாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. பெண் கல்யாணத்துக்குப் பிறகு மதினி, சித்தி, ஆச்சி என்று உறவாகவே கரைந்துபோகிறாள். ஆற்றில் நின்றபடியே அம்பாசமுத்திரத்து அத்தைக்குப் போன் போட்டோம். எண்பது வயசு, காது மந்தம். மூன்று தடவை கத்திக் கேட்ட பிறகு, "எங்க ஆச்சி பேரா?" என்று கேட்டுவிட்டுப் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்தப் பேரச் சொல்லி எத்தன வருஷமாச்சு" என்று அழுதாள். பக்கத்துப் படியில் நின்ற ஓர் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் மகனிடம் ஏதோ பேர் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கத்துப் பெண்கள் பேரையும் ஒரு நோட்டில் எழுதினேன். அப்பா பக்கம் நாலு தலைமுறை கிடைத்தது. அம்மா பக்கம் மூன்றோடு நின்றுவிட்டது, சித்தியிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சித்தியிடம் கேட்க வேண்டியது வேறொன்றும் இருக்கிறது. அம்மாவின் காலண்டர்களில், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ கட்டத்தில், ஒரு சின்ன வட்டம் போட்டு உள்ளே 'க' என்று எழுதியிருக்கிறது. 1987-லேயே இருக்கிறது. 2019 அக்டோபர் வரை இருக்கிறது. பால் கணக்கு இல்லை, சீட்டு இல்லை, கிருத்திகை என்றால் தேதி ஒத்துவரவில்லை. கடனோ என்று பார்த்தோம், தொகை எழுதவில்லை. கடிதமோ என்றான் அண்ணன், யாருக்கு? அப்பா இறந்த மாதத்தில் மட்டும் நாலு வட்டம். மதினிக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். பால்காரர் மகன் இன்னும் பேட்டையில் இருக்கிறார் என்று கேள்வி. பொங்கலுக்குப் போகும்போது 1994-ம் வருஷத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். அதில்தான் வட்டங்கள் அதிகம்.